ஓவர்கிளாக் பூட்டு டிரைவரிலா, பயாஸிலா? உங்கள் கார்டின் அளவுகள் தேவை

நண்பர்களே, அடுத்து வரப்போகும் கிராபிக்ஸ் கார்டில் ஓவர்கிளாக்கை (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை) பூட்டிவிடுவார்கள் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பேச்சு கிளம்புகிறது. அதை எடைபோட ரேடியான் ஆர்எக்ஸ் 7900 ஜிஆர்இ நல்ல உரைகல். 2024 பிப்ரவரியில் உலகச் சந்தைக்கு வந்தபோது அதன் மெமரி 2316 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. வழக்கமான வேகமே 2250. மார்ச்சில் வந்த 24.3.1 டிரைவர் (கார்டை இயக்க கணினியில் போடும் மென்பொருள்) அந்த வரம்பைத் தளர்த்தியது. கார்டு என்னவோ அதே கார்டுதான்! அப்படியானால் பூட்டு டிரைவரில் இருந்ததா, பயாஸில் (கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில்) இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் உதவ வேண்டும். விண்டோஸ் சேஃப் மோடில் டிடியு என்ற கருவியை ஓட்டிப் பழைய டிரைவரை முழுக்க நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) உச்சத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் கோர் வேகம் தானே இறங்கி மெமரியின் பலனை மறைத்துவிடும். பிறகு மெமரி வேகத்தை 2250-லிருந்து 25 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரே பெஞ்ச்மார்க்கை (வேகச் சோதனையை) மூன்று முறை ஓட்டுங்கள்.

திரையில் புள்ளி எதுவும் தெறிக்காமலேயே ஸ்கோர் இறங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தக் கார்டின் மெமரி வகையான ஜிடிடிஆர்6-இல் பிழை பட்டால் தரவு மறுபடி அனுப்பப்படுகிறது. மெகாஹெர்ட்ஸ் ஏறியிருக்கும், வேகம் குறைந்திருக்கும். இதைப் பூட்டு என்று எண்ணிவிடுவது எளிது, ஆனால் தவறு.

ஜிபியு-இசட் என்ற கருவி காட்டும் பயாஸ் பதிப்பு, மெமரி சிப் சாம்சங்கா ஹைனிக்ஸா, டிரைவர் எண், மெமரி வேக ஸ்லைடரின் உச்ச எண், ஸ்கோர் இறங்கிய இடம், மெமரி வெப்பம் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். பயாஸை மட்டும் யாரும் மாற்றி எழுத வேண்டாம்.