ப்ளேயரை நீக்கியாச்சு, அது போட்ட 'ஸ்பீக்கர்' மட்டும் போக மாட்டேங்குது – உதவி தேவை

தும்பி:
விண்டோஸ் 11 லேப்டாப். பாட்டு கேட்க ஒரு மீடியா ப்ளேயர் போட்டிருந்தேன். சரவுண்ட் எஃபெக்ட், ஆன்லைன் ரேடியோவை ரெக்கார்ட் செய்யும் வசதி என்று ஏகப்பட்டது கூடவே வந்தது. பிடிக்கவில்லை, அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். ஆனால் சவுண்ட் பட்டியலில் அது உருவாக்கிய விர்ச்சுவல் ஸ்பீக்கர் (நிஜத்தில் இல்லாத, மென்பொருளாலான ஸ்பீக்கர்) இன்னும் நிற்கிறது, மைக் பட்டியலிலும் அதே பெயரில் ஒன்று. வீடியோ கால் வந்தால் பல நேரம் அதுதான் தேர்வாகியிருக்கிறது. எதிரே இருப்பவர் வாயசைப்பது தெரிகிறது, சத்தம் இல்லை.

டிவைஸ் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து நீக்கினேன். போனது. ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் தேடி அழித்துவிடலாமா?

மௌனராகி:
இப்போதைக்கு கால் பேசியாக வேண்டும் என்றால், ரன் பாக்ஸில் எம்எம்சிஸ்.சிபிஎல் (சவுண்ட் அமைப்புப் பெட்டி) திறந்து, அந்த ஸ்பீக்கரையும் மைக்கையும் 'டிசேபிள்' செய்துவிடுங்க. நிஜ ஸ்பீக்கரை டீஃபால்ட் ஆக்கும்போது, 'டீஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் மாற்றணும். பாட்டுக்கு ஒரு டீஃபால்ட், காலுக்கு ஒரு டீஃபால்ட். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, கால்ல சத்தம் வரலைன்னு திண்டாடுவாங்க.

வேகம்99:
ப்ரோ, இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். சிஸ்டம்32-க்குள்ள டிரைவர்ஸ்டோர்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுல அந்த ப்ளேயர் பேர்ல இருக்கிறதை எல்லாம் டெலிட் பண்ணுங்க, முடிஞ்சது.

பழைய கீபோர்ட்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிரைவர்ஸ்டோர் ஃபோல்டரில் கையால் அழித்தால் ஃபைல் போகும், விண்டோஸின் கணக்கில் டிரைவர் பேக்கேஜ் (ஒரு டிவைஸை இயக்கும் ஃபைல்களின் தொகுப்பு) அப்படியே இருக்கும். பிறகு முறையாக நீக்கப் போனாலும் பிழை காட்டும். ரெஜிஸ்ட்ரியும் அப்படித்தான். குறிப்பாக 'டிரைவர்ஸ்32' என்ற கீயைக் காலி செய்யச் சொல்லும் யோசனைகள் சுற்றுகின்றன. விண்டோஸ் தன் சொந்த ஒலிப்பாதைக்கு வைத்திருக்கும் பதிவுகளும் அங்கேதான் உள்ளன. அதை வெட்டினால் இருக்கிற சத்தமும் போய்விடும்.

தும்பி, நீங்கள் 'விர்ச்சுவல் ஸ்பீக்கர்' என்று ஒரே பெயரில் சொல்வது மூன்று விஷயங்கள். சவுண்ட் பட்டியலில் தெரிவது எண்ட்பாயிண்ட். அதற்குப் பின்னால் இருப்பது டிவைஸ். அதற்கும் பின்னால், டிரைவர்ஸ்டோரில் கிடப்பது டிரைவர் பேக்கேஜ். நீங்கள் நடுவில் இருப்பதை மட்டும் நீக்கியிருக்கிறீர்கள்.

அந்த டிவைஸின் ப்ராப்பர்ட்டீஸில் 'டீட்டெயில்ஸ்' டேபைத் திறந்து, 'டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்' (விண்டோஸில் அந்த டிவைஸின் முகவரி), 'இன்எஃப் நேம்' (டிரைவர் பேக்கேஜின் விவர ஃபைல் பெயர்) இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். நீக்குவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள், நீக்கிவிட்டால் அந்தப் பக்கம் கிடைக்காது.

தும்பி:
பாத்: ரூட்\மீடியா\0000
இன்எஃப்: ஓஇஎம்14.இன்எஃப்

பழைய கீபோர்ட்:
நல்லது, இதில் விஷயம் இருக்கிறது. நிஜமான சவுண்ட் சிப்போ யுஎஸ்பி ஹெட்செட்டோ என்றால், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் விண்டோஸ் அதைத் தானாகக் கண்டுபிடித்து டிரைவரை மாட்டும். அதை நீக்கினாலும் திரும்ப வருவது இயல்பு. 'ரூட்' என்று தொடங்குவது அப்படியல்ல. அதற்கு ஹார்டுவேரே கிடையாது, ஏதோ ஒரு புரோகிராம் விண்டோஸிடம் சொல்லி உருவாக்கிய ஆள் இல்லாத நாற்காலி. நீக்கினால் தானாகத் திரும்ப வரக் காரணமில்லை. வருகிறது என்றால், யாரோ ஒவ்வொரு முறையும் திரும்ப உருவாக்குகிறார்கள்.

அதனால் முதலில் அந்த 'யாரோ'வைப் பிடியுங்கள். சர்வீசஸ் பட்டியலிலும் (பின்னணியில் ஓடும் புரோகிராம்கள்) டாஸ்க் ஷெட்யூலரிலும் (தானாக ஓட வைக்கப்பட்ட வேலைகள்) ப்ளேயர் பெயரிலோ, அதைச் செய்தவர்கள் பெயரிலோ ஏதாவது மிச்சம் இருக்கும். எடுத்தவுடன் அழிக்க வேண்டாம், நிறுத்தி டிசேபிள் மட்டும் செய்யுங்கள். ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று ஒரு டிக் பாக்ஸ் வரும், அதை டிக் செய்யாமல் விடுவதால்தான் பாதிப் பிரச்சினை. பாக்ஸே வராவிட்டால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிஎன்பியூட்டில் கருவியைப் பயன்படுத்தலாம். அதன் 'எனம்-டிரைவர்ஸ்' ஸ்விட்ச் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் சொல்), வெளியார் டிரைவர்களை மட்டும் பட்டியலிடும். 'டெலிட்-டிரைவர்' ஸ்விட்சுடன் இன்எஃப் பெயரையும், கூடவே 'அன்இன்ஸ்டால்' ஸ்விட்சையும் கொடுத்தால் டிவைஸிலிருந்தும் கழற்றி பேக்கேஜையும் எடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் உங்கள் நிஜ சவுண்ட் சிப்பின் டிரைவரும் ஓஇஎம் என்ற பெயரில்தான் இருக்கும், எண் மட்டும் வேறு. 'ப்ரொவைடர் நேம்', 'ஒரிஜினல் நேம்' இரண்டையும் படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். 14 என்பது உங்கள் மெஷினில் மட்டுமே செல்லும் எண். இதைப் படிக்கும் மற்றவர்கள் அப்படியே காப்பி செய்து ஓட்டிவிடாதீர்கள்.

வேகம்99:
சரி ப்ரோ, என் யோசனையை விட்டுடுங்க 🙏 ஆனா ஒரு டவுட். எல்லா ப்ளேயரும் இப்படி டிரைவர் போடுமா?

மௌனராகி:
போடாது. பாட்டு ஓட்ட டிரைவரே தேவையில்லை. விஎல்சி மாதிரி ப்ளேயர், பாட்டு ஃபைலைப் பிரித்து ஒலியாக்கும் கோடெக்கை எல்லாம் தனக்குள்ளேயே வைத்திருக்கும். மற்ற ஆப்களின் சத்தத்தையும் பிடித்து ரெக்கார்ட் செய்கிறேன், சிஸ்டம் முழுக்க சரவுண்ட் தருகிறேன் என்று சொல்லும் ப்ளேயர்தான் நடுவில் ஒரு போலி ஸ்பீக்கரை நுழைக்கும். இன்ஸ்டால் செய்யும்போது 'கஸ்டம்' எடுத்தால் சிலவற்றில் அதை விலக்கலாம்.

தும்பி:
சர்வீசஸில் மாட்டியது! 'ஆடியோ ஹெல்ப்பர்' என்று முடியும் ஒன்று, ஸ்டார்ட்அப் டைப் ஆட்டோமேட்டிக். ப்ளேயர் போன பிறகும் அதன் ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸில் உயிரோடு இருந்தது. அதை டிசேபிள் செய்து, டிக் பாக்ஸோடு டிவைஸை நீக்கினேன். ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன், திரும்ப வரவில்லை. பிஎன்பியூட்டில் பட்டியலிலும் ஓஇஎம்14 இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. டிவைஸ் மேனேஜரில் 'ஹிடன் டிவைசஸ்' காட்டச் சொன்னால், 'ஆடியோ இன்புட்ஸ் அண்ட் அவுட்புட்ஸ்' கீழே அதே பெயர் மங்கலாகத் தெரிகிறது.

பழைய கீபோர்ட்:
அது பழைய எண்ட்பாயிண்டின் பதிவு மட்டும். எந்த ஆப்பிலும் தேர்வுக்கு வராது. கண்ணை உறுத்தினால் அங்கேயே ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுக்கலாம். பெயர் பார்த்துச் செய்யுங்கள், இப்போது மாட்டியிராத ஹெட்செட், மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாமே அங்கே அதே மங்கலில்தான் இருக்கும். சர்வீஸ் டிசேபிளாகவே கிடக்கட்டும். சில நாள் எல்லாம் ஒழுங்காக ஓடினால் அந்த ஃபோல்டரோடு சேர்த்து அழித்துக்கொள்ளலாம்.