ஏக்கன் பவளம் தீனி எடுப்பதை டைம்லாப்ஸில் எடுக்கிறேன்: மினுங்கல், நீலம், மங்கல்

நீலத்தொட்டி (சிங்கப்பூர்):
வீட்டில் 90 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி. முன்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒரு ஏக்கன் பவளம் (சதைப்பற்றான கல் பவளம்) இருக்கிறது, ஏழெட்டுத் தலை. ராத்திரி விளக்கு குறைந்த பிறகு உறைந்த மைசிஸ் இறாலை (பொடி இறால்) உருக்கிப் போட்டால், ஒவ்வொரு தலையும் ஓரத்திலிருந்து டென்டக்கிளை (உணர்கொம்பை) நீட்டி, இறாலைப் பிடித்து, நடுவிலிருக்கும் வாய்க்குத் தள்ளிவிடும். உட்கார்ந்து பார்த்தால் எதுவும் நகர்கிற மாதிரி தெரியாது. காபி போட்டுவிட்டு வந்து பார்த்தால் இறாலைக் காணோம்.

அதைத்தான் எடுக்கப் பார்க்கிறேன். 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், 1:1 அளவு (சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்), அபர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரம், எஃப்/11, ஷட்டர் 1/125, எலக்ட்ரானிக் ஷட்டர், 8 நொடிக்கு ஒரு படம். படங்களைச் சேர்த்து ஓட்டினால் வெளிச்சம் மினுங்குகிறது. சிலவற்றில் குறுக்கே பட்டை வேறு. எல்லாமே ஒரே நீலம். அதைவிடக் கடுப்பு, பவளம் உப்ப ஆரம்பித்ததும் ஃபோகஸ் போய்விடுகிறது. ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து ஒன்றாக அடுக்குவது) செய்தால் தீருமா?

உப்புக்காற்று (ஹாம்பர்க்):
தம்பி, ஸ்டாக்கிங்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு ஃப்ரேமுக்கு 20 படம் அடுக்கினால், முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் டென்டக்கிள் இடம் மாறியிருக்கும். மென்பொருள் இரண்டையும் ஒட்டி ஒன்றுக்கு இரண்டு நுனி வைத்துத் தரும். மூன்று மணி நேரத்துக்கு, 8 நொடிக்கு ஒன்று வீதம் 1350 ஃப்ரேம். ஒவ்வொன்றுக்கும் 20 என்றால் 27,000 படம். அதை மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்தால் ஷட்டரின் ஆயுளில் நல்ல பங்கு ஒரே ராத்திரியில் போய்விடும். உணவில்லாமல் மெதுவாக உப்பிச் சுருங்கும் சதையை எடுக்கும்போது அடுக்குங்கள், அழகாக வரும். தீனி நேரத்தில் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது ஆழம். 1:1-இல் எஃப்/11 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1.3 மி.மீ. தான். ஏக்கன் உப்பினால் அதைத் தாண்டி முன்னால் வந்துவிடும். எஃப்/22 வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் டிஃப்ராக்ஷனில் (சின்னத் துவாரத்தில் ஒளி விரிவதில்) முழுப் படமும் மழுங்கிவிடும். 1:1-இல் எஃப்/11 என்பதே உண்மையில் எஃப்/22 போலத்தான் வேலை செய்கிறது. அதனால் கொஞ்சம் பின்வாங்கி 1:2-இல் எடுங்கள். ஆழம் 4 மி.மீ. பக்கம் வந்துவிடும். உங்கள் படம் 6000 பிக்சல் அகலம், அதிலிருந்து 4கே அளவுக்கு வெட்டிக்கொள்ளத் தாராளமாக இடமிருக்கிறது. நிறையப் பேருக்கு 1:1 என்ற எண்ணின் மேல் ஒரு மோகம். பார்க்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம், சுருங்கி இருக்கும்போது ஃபோகஸ் வைக்காதீர்கள். முந்தின நாள் ஒரு முறை தீனி போட்டு, முழுசாக உப்பினபோது வாயின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். தொடக்கத்தில் மங்கலாக இருந்து பவளம் தானே தெளிவுக்குள் நுழைவது பார்க்க நன்றாகவே இருக்கும்.

பட்டைக்குக் காரணம் உங்கள் எல்ஈடி. வெளிச்சத்தைக் குறைக்க அது நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து எரிகிறது. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிப்பதால் 1/125-இல் அந்த அணைப்பு பட்டையாக விழுகிறது. ஷட்டரை அரை நொடிக்குக் கொண்டுபோங்கள், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வை) குறையுங்கள், அதுவும் போதாவிட்டால் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்கள். பட்டை போனபிறகும் மினுங்கினால் அது லென்ஸின் வேலை: ஒவ்வொரு படத்துக்கும் அபர்ச்சர் மூடித் திறக்கும்போது துளி வித்தியாசம் வரும். கையால் அபர்ச்சர் வளையம் திருப்பும் பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்றை அடாப்டரில் மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை. நான் அப்படித்தான் எடுக்கிறேன். இங்கே சந்தையில் மலிவாகக் கிடைக்கும்.

அரை நொடி என்றால் நீரோட்டம் உறுத்தும். பம்பை நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊர்ச் சூட்டில், விளக்கு குறைந்த ராத்திரியில், ஓட்டமும் இல்லையென்றால் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கும். பம்பைப் பின்சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். நேராக அடிக்காமல் சுற்றி வரும் ஓட்டம் போதும். நுனி கொஞ்சம் கலங்கும், ஓட்டிப் பார்க்கும்போது அது மிருதுவாகத்தான் தெரியும்.

நீலத்துக்கு: ரா வடிவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். ஆனால் விளக்கு முழுக்க 450 நானோமீட்டர் (நீல ஒளி) பக்கமே இருந்தால் சிவப்புச் சேனலில் ஒன்றுமே பதியாது, பிறகு எதை இழுப்பீர்கள்? எடுக்கும் நேரத்துக்கு வெள்ளை எல்ஈடியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றாமல் சில நாட்களில் படிப்படியாகப் பழக்குங்கள், திடீர் வெளிச்சம் பவளத்துக்கு ஆகாது. லென்ஸ் முன்னால் மஞ்சள் ஃபில்டர் மாட்டுவது இன்னொரு வழி. ஒளிரும் பச்சை, ஆரஞ்சு நிறங்கள் அப்படியே நிற்கும்.

முத்துக்குளி (தூத்துக்குடி):
படித்துக்கொண்டே வந்தேன். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கடையில் பவளம் தேட வேண்டாம் என்பதற்காக ஒரு வரி. கல் பவளங்கள் எல்லாமே 2001-இலிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்தாலும் குற்றம்தான். எங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியும் பவளம் இருக்கிறது, ஆனால் அது 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா.

கேள்வி: இந்த மாதிரிப் படங்களால் ஆய்வாளர்களுக்கு ஏதாவது பயன் உண்டா, இல்லை அழகுக்குத்தானா?

உப்புக்காற்று:
உண்டு அம்மா. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பாருங்கள். ஹீலியோஃபங்கியா என்ற தனிப் பவளத்தைச் சின்னத் தொட்டியில் வைத்து, தண்ணீரை 26-இலிருந்து 32 டிகிரிக்குச் சூடேற்றி டைம்லாப்ஸ் எடுத்தார்கள். சூட்டில் நிறமிழந்து வெளுக்கும்போது அது சும்மா கிடக்கவில்லை. உடம்பை உப்பவைத்து, சட்டென்று சுருக்கி, உள்ளே குடியிருக்கும் பாசியை வாய் வழியாக வெளியே தள்ளியது. பவளம் வெளுத்தபிறகு போய்ப் படமெடுத்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

நீங்கள் எடுக்க ஆசைப்பட்டால் பவளமே வேண்டியதில்லை. குளத்துப் பாசியிலும் இலையின் அடியிலும் ஹைட்ரா இருக்கும், பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் வரைந்திருப்பீர்கள். அது பவளத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி: அதே டென்டக்கிள், அதே கொட்டும் செல். ஆர்ட்டீமியா (உப்புநீர்ப் பொடி இறால்) குஞ்சை நன்றாக அலசி, உப்பு போனபின் போடுங்கள். தீனி நன்றாக இருந்தால் சில நாளில் பக்கத்தில் மொட்டு விட்டுக் குட்டி பிரிந்து போகும், அதையும் எடுக்கலாம். ஆள் சின்னது, அதனால் 1:1-க்கு மேலே போக எக்ஸ்டென்ஷன் ட்யூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் குழாய்) தேவைப்படும்.

நீலத்தொட்டி:
நேற்று ராத்திரி 1:2, அரை நொடி வைத்து எடுத்தேன். பட்டை சுத்தமாகப் போய்விட்டது. மினுங்கல் இன்னும் லேசாக இருக்கிறது, பழைய லென்ஸ் தேடுகிறேன். புதுத் தொல்லை: இடையிடையே படம் மொத்தமாக ஒரு துளி நகர்கிறது. டிரைபாடை யாரும் தொடவில்லை.

உப்புக்காற்று:
லென்ஸ் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம்) கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் பம்பின் அதிர்வு நேராகக் கேமராவுக்கு வருகிறது. ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, பிரதிபலிப்புக்குக் கறுப்புத் துணியைச் சுற்றுங்கள். லென்ஸ் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இருக்கட்டும், சாய்ந்தால் ஓரத்தில் நிறம் பிரியும். எடுக்கும் முன் நத்தைகள் எல்லாம் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் ஒன்று ஏறினால் அந்த ராத்திரி முழுக்க அதன் பாதம்தான் படத்தில் இருக்கும்.