பசை வால்வு அடிக்கடி இறுகிப்போகிறது, எதை வாங்கலாம்?

கேள்வி: கோவையில் பம்ப் மோட்டாருக்குப் பேரிங் பொருத்தும் சின்னப் பட்டறை எங்களுடையது. அனரோபிக் பசையை (காற்றுப் படாத இடத்தில் இறுகும் பசை) ஊசி வால்வில், அதாவது ஊசி முனை துளையை மூடித் திறக்கும் வால்வில், விடுகிறோம். மதியச் சாப்பாடு முடித்து வந்தால் வால்வு அசையவே மாட்டேன் என்கிறது. இந்த மாதம் மூன்றாவது முறையாகக் கழற்றிவிட்டேன், கையெல்லாம் பசை. பெரிய வால்வு வாங்கினால் சரியாகுமா?

பதில்: அளவில் கோளாறு இல்லை தம்பி. உலோகம் பட்டு, காற்றும் இல்லாவிட்டால் அந்தப் பசை இறுகிவிடும். உங்கள் வால்வுக்குள் இரண்டும் இருக்கிறது. டயாஃப்ரம் வால்வு பாருங்கள், அதில் வளையும் சவ்வு ஒன்றுதான் வழியை மூடித் திறக்கும். பசை படும் பாகமெல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பித்தளை கனெக்டர் ஒன்றுகூட வேண்டாம், அதிலுள்ள செம்பு பட்டால் இன்னும் வேகமாக இறுகும்.

இன்னொரு பதில்: செலவைக் குறைக்க பிஞ்ச் வால்வும் ஆகும். குழாயை வெளியிலிருந்து நசுக்குவதுதான் அதன் வேலை. இறுகினால் குழாயை மட்டும் மாற்றலாம். சொட்டு ஒரே அளவில் விழ வேண்டுமென்றால் டயாஃப்ரம்தான்.

கேட்டவர்: சரி அண்ணா, டயாஃப்ரமே வாங்குகிறேன். ஃபெவிக்விக் மாதிரிப் பசைக்கும் அது ஆகுமா?

பதில்: ஆகும். ஆனால் அந்தப் பசை ஈரத்தில் இறுகும் சாதி. பசையைத் தள்ளும் கம்ப்ரசர் காற்றுக்கு ஈரம் எடுக்கும் டிரையர் போட்டிருக்கிறீர்களா?