சூட் ரூம் எடுத்தா கப்பல்ல சாப்பாடு நெஜமாவே வேறயா? அப்பாவுக்கு 70, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கும்போணம் பித்தளைக்கடை:

வணக்கம் மக்களே. வர்ற தையில அப்பாவுக்கு 70, திருக்கடையூர்ல பீமரத சாந்திக்கு சொல்லி வச்சாச்சு. அது முடிஞ்ச கையோட திருச்சிலேந்து சிங்கப்பூர் ஃப்ளைட், அங்கேந்து 4 நைட் சொகுசுக் கப்பல்னு அக்கா ப்ளான் போட்டுருக்கா (அக்கா குடும்பம் அங்கதான்). மொத்தம் 9 பேரு. அம்மா அப்பாவுக்கு மட்டும் சூட் ரூம் (பெரிய ஒசத்தி ரூம்), மத்தவங்களுக்கு பால்கனி ரூம்ங்கறது அவ கணக்கு. சூட்டுக்காரங்களுக்குன்னு தனி ரெஸ்டாரன்ட் இருக்காம், கூட்டம் கிடையாதாம், கேட்டதை செஞ்சு தருவானாம், அப்பாவுக்கு அதான் சரிப்படும்ங்கறா. ஆனா வெலை பால்கனியைவிட ரெண்டு மடங்குக்கு மேல போவுது.

இப்ப பிரச்சனை என்னன்னா அப்பாவுக்கு சுகர், ராத்திரி ஏழு மணிக்கு இலை போட்டாவணும், ஏழே கால்னா கூட மூஞ்சி மாறிடும். ரெண்டு பேரும் சுத்த சைவம், அம்மா முட்டை போட்ட கேக்கு கூட தொட மாட்டாங்க. காபி நம்ம ஊரு காபிதான் வேணும்ங்கறது தனிக் கதை. கடையில நாலு வெளக்கு வித்து சேக்கற காசு இது, அதான் கேக்கறேன். அந்த தனி ரெஸ்டாரன்ட் அவ்ளோ வொர்த்தா? ராயல் கரீபியன் கம்பெனி கப்பல், ஜென்டிங் ட்ரீம்ங்கற கப்பல் ரெண்டும் பாத்து வச்சுருக்கோம். போயிட்டு வந்தவங்க சொன்னா புண்ணியமாப் போவும்.

தஞ்சாவூர் மேலவீதி:

வாழ்த்துக்கள் அப்பாவுக்கு. நாங்க மாமனார் மாமியாரோட ரெண்டு தடவை போயிருக்கோம், ஒரு தடவை சூட், ஒரு தடவை சாதா பால்கனி, அதனால ரெண்டும் தெரியும்.

மொதல்ல சூட்டுன்னு ஒரே பேரா சொல்லிட்டு ஏமாறாதீங்க. ராயல் கரீபியன்ல ஒயாசிஸ், குவாண்டம் மாதிரி பெரிய கப்பல்கள்ல சீ, ஸ்கை, ஸ்டார்னு மூணு க்ளாஸ் வச்சுருக்கான். கோஸ்டல் கிச்சன்ங்கறதுதான் சூட்டுக்காரங்க ரெஸ்டாரன்ட், 2014ல குவாண்டம் கப்பல்ல ஆரம்பிச்சது. இதுல ஜூனியர் சூட் எடுத்தீங்கன்னா அது சீ க்ளாஸ், ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும்தான் உள்ள விடுவான், காலைல மத்தியானம் எல்லாரும் போற எடத்துக்குத்தான் போவணும். ஸ்கைக்கு மேல போனாதான் மூணு வேளையும். காசு குடுத்து சாப்பிடற ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட்டெல்லாம் சேந்து வரணும்னா ஸ்டார் க்ளாஸ் எடுக்கணும், அது நம்ம பக்கம் ஒரு மா நிலம் வாங்கற கணக்கு. ஏஜென்ட் "சூட் சார்"னு ஒத்தை வார்த்தைல முடிப்பான், எந்த க்ளாஸ்னு எழுதி வாங்கிக்குங்க. ஜென்டிங் ட்ரீம்ல பேலஸ்னு ஒரு பகுதி, அங்க சூட்டுக்காரங்களுக்கு தனி ரெஸ்டாரன்ட்டும் உண்டு, பட்லரும் உண்டு.

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம். நாங்க போன கப்பல் பேரு வேணாம். அமைதி இருந்துச்சு, வெள்ளைத்துணி விரிச்ச மேஜை, ரெண்டாவது நாளே மாமியார் பேரைச் சொல்லி வணக்கம் சொன்னாங்க, அதெல்லாம் சரி. ஆனா மெனு ரொம்ப சின்னது. சைவத்துக்கு ரெண்டு ஐட்டம், அதுல ஒண்ணு சாலட். மொத நாள் ராத்திரி காலிஃப்ளவர் ஸ்டீக்குன்னு ஒண்ணு வந்துச்சு, முழுப் பூவை குறுக்க வெட்டி ரெண்டு பக்கமும் சுட்டு, கீழ ஏதோ மஞ்சளா தடவி, மேல நாலு மாதுளை முத்து. மாமியார் அதை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பாத்துட்டு "காய் நறுக்கத் தெரியாதவ நறுக்குனதை இவன் காசுக்கு விக்கிறான்"னாங்க. மூணாம் நாளு அதே பூவு திரும்ப வந்துச்சு. அப்பறம் கீழ மெயின் டைனிங்ல (எல்லாருக்கும் பொதுவான சாப்பாட்டு ஹாலு) போயி இந்தியன் வெஜ் கேட்டு சாப்பிட்டோம், பருப்பு, சப்ஜி, சோறு, சுடச்சுட. இவ்ளோ காசு கட்டிட்டு கடைசில எல்லாரும் சாப்பிடற பந்திக்குத்தான் வந்தோம்.

ஒண்ணு மட்டும் சொல்லணும், காலை டிபன் நேரம் சூட் ரெஸ்டாரன்ட் சொகம். மேல பஃபேல காலைல எட்டரை மணிக்கு போயிப் பாருங்க, மகாமகம்தான்.

மாயவரம் கேலி தம்பி:

அண்ணே, நான் ஏழு வருஷம் கப்பல் கேலில (அதாவது சமையக்கட்டுல) வேலை பாத்தவன், இப்ப ஊர்லதான் இருக்கேன். உள்ளேந்து பாத்ததை சொல்றேன், கொஞ்சம் நீளும்.

சூட் ரெஸ்டாரன்ட்டுக்கு தனி கேலி இருக்குற கப்பலும் உண்டு, நான் வேலை பாத்ததுல சின்ன பேன்ட்ரி மட்டும்தான், குழம்பு சாஸ் அடி வேலையெல்லாம் பெரிய கேலிலதான் நடந்துச்சு, அங்க தட்டுல வைக்கறது, கடைசி சூடு, அவ்ளோதான். ஆனா வித்தியாசம் எங்கன்னா எண்ணிக்கைல. மெயின் டைனிங்ல ஒரு ஸிட்டிங்குக்கு, அதாவது ஒரு பந்திக்கு, ஆயிரம் தட்டு தாண்டிப் போவும், சூட் பக்கம் நூறு கூட வராது. அங்க ஒருத்தர் இது வேணாம் அது போடுங்கன்னா குக்கு நின்னு காது குடுத்துக் கேப்பான். மெயின் டைனிங்ல ராத்திரி ஆர்டர் சீட்டு வரிசையா அடிச்சு வரும்போது எவன் நின்னு கேப்பான்.

ஆனா அதுக்காக சூட்தான் எடுக்கணும்னு இல்லை. ரகசியம் ஒண்ணுதான், மொத நாள் ராத்திரி ஹெட் வெயிட்டரைப் புடிங்க. அடுத்த நாள் மெனுவை முந்தின நாளே காட்டுவார், அதுல குறிச்சுக் குடுத்துட்டா தனியா செஞ்சு எடுத்து வச்சுருவோம். கேலில நம்மாளு யாராவது ஒருத்தன் இருப்பான், இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆளுங்கதான் பாதிக்கு மேல. அம்மா பேருக்கு ரசம் வச்சுக் குடுத்ததெல்லாம் உண்டு, நானே வச்சுருக்கேன், நெறைய தடவை.

சொல்ற வார்த்தைல கவனம். "வெஜிடேரியன்"னு மட்டும் சொல்லாதீங்க, வெள்ளைக்காரன் கணக்குல முட்டை அதுல சேத்தி. புக் பண்ணும்போதே ஃபார்ம்ல கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால் தயிர் ஓகேன்னு பிரிச்சு எழுதுங்க, கப்பல் ஏறுனப்பறம் திரும்பவும் சொல்லுங்க. சூப்புன்னா சிக்கன் ஸ்டாக்கான்னு (கோழி வேக வச்ச தண்ணி) கேளுங்க, காய்கறி சூப்புக்கும் அதை ஊத்துவாங்க. வழவழன்னு ஆடற புட்டிங் எல்லாத்துலயும் ஜெலட்டின் (மாடு பன்னி தோல் எலும்புலேந்து எடுக்கறது) இருக்கான்னு கேக்கணும். பர்மேசான் சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலேந்து எடுக்கற ரென்னெட் போடுவாங்க, இது தெரியாம சைவ பாஸ்தான்னு நெறைய பேரு சாப்பிட்டுட்டு இருக்காங்க. இந்தக் கேள்வியெல்லாம் சூட்லயும் கேட்டுத்தான் ஆவணும், காசு கூட கட்டுனா அவனுக்கு தானா தெரிஞ்சுராது.

ஏழு மணி விஷயம்: மெயின் டைனிங்ல நேரம் குறிச்ச ஸிட்டிங் எடுத்தா அஞ்சரை கிட்ட ஒண்ணு, எட்டு மணி கிட்ட ஒண்ணு, ரெண்டும் அப்பாவுக்கு ஆவாது. நேரம் நாமளே வச்சுக்கற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைப் போட்டு தினம் ஏழுக்கு ரிசர்வ் பண்ணிடுங்க. சூட் ரெஸ்டாரன்ட்னா இந்தத் தொல்லை கம்மி, அது உண்மை.

இன்னொண்ணு, வீட்லேந்து இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், ரைஸ் குக்கர் எதுவும் எடுத்துட்டு வந்துராதீங்க. ஸ்கேனிங்ல புடிச்சு வாங்கி வச்சுருவான், கடைசி நாள்தான் கைக்கு வரும். எங்க கப்பல்ல ஒரு பாட்டி அயர்ன் பாக்ஸை திருப்பி வச்சு பால் காச்சப் பாத்து... அதை இன்னொரு நாள் சொல்றேன்.

திருவாரூர் தேரடி:

ஏன் சிங்கப்பூர் வரைக்கும்? சீசன்ல சென்னைலேந்தே கோர்டேலியான்னு நம்ம நாட்டு கம்பெனி கப்பல் போவுதே, இந்தியக் கூட்டம், ஜெயின் சாப்பாடே தனியா குடுக்கறான், முட்டைப் பஞ்சாயத்தே வராது. அவனோட எம்ப்ரஸ்ங்கறது 1990ல கட்டுன கப்பல், முன்னாடி ராயல் கரீபியன்கிட்ட இருந்ததுதான். பெரிய கப்பல் பகட்டு இருக்காது, ஆனா அம்மாவுக்கு இட்லி தோசைக்கு கவலை இல்லை.

கும்போணம் பித்தளைக்கடை:

@திருவாரூர் அக்கா சிங்கப்பூர்ல இருக்காளே, அவளைப் பாத்தமாதிரியும் ஆச்சுன்னுதான்.

@மாயவரம் தம்பி, கோடி புண்ணியம். ஒரு சந்தேகம், அம்மா அப்பா சூட்ல இருந்தா நாங்க ஏழு பேரும் ராத்திரி அந்த தனி ரெஸ்டாரன்ட்டுக்கு அவங்களோட போயி உக்காரலாம்ல? அக்கா போலாம்ங்கறா.

மாயவரம் கேலி தம்பி:

முடியாதுண்ணே. அதைத்தான் மொதல்ல சொல்லிருக்கணும், விட்டுட்டேன். அந்த எடத்துக்கு ரூம் கார்டுதான் கணக்கு, ஆள் கணக்கு இல்லை. சூட் கார்டு இருந்தா உள்ள, இல்லாட்டி வாசல்லயே சிரிச்சுக்கிட்டே திருப்பி அனுப்புவாங்க. இடம் காலியா இருந்து கன்சியர்ஜ் (சூட்டுக்காரங்களை கவனிக்கற ஆளு) மனசு வச்சா ஒருநாள் விடலாம், அதை நம்பி புக் பண்ணாதீங்க. பழைய இங்கிலீஷ் கம்பெனி க்யூனார்டுல இன்னும் கறாரு, க்வீன்ஸ் க்ரில், ப்ரின்சஸ் க்ரில், பிரிட்டானியான்னு எந்த ரூமோ அந்த ஹால்தான், அந்தந்த மேஜைதான். ஆனா சூட்டுக்காரங்க கீழ மெயின் டைனிங் வரதுக்கு பொதுவா தடை இல்லை. மேலேந்து கீழ வரலாம், கீழேந்து மேல போவ முடியாது.

நாகூர் சபுராளி:

தம்பி, படிச்சதும் பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. நான் ஏறுனது எம்.வி. சிதம்பரம், 1979. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது, தூரக்க நங்கூரம் போட்டு நிக்கும், படகுல போயி அலையில ஆடிக்கிட்டே ஏணி புடிச்சு ஏறணும். எங்க உம்மா கட்டிக் குடுத்த நாரத்தங்கா ஊறுகா ஜாடியை ஒரு கையில அணைச்சுக்கிட்டு மறு கையில ஏணி. பினாங்கு, சிங்கப்பூர் சபுரு (பயணம்).

அப்பவும் இதே கதைதான். கேபின்காரங்களுக்கு தனி சாப்பாட்டு ஹாலு, எங்களுக்கு கீழ பங்க், தட்டைப் புடிச்சுக்கிட்டு வரிசை. எங்க மாமு கொஞ்சம் வசதி, கேபின்ல வந்தாவ. மொத நாள் ராத்திரி தனியா அந்த ஹால்ல சாப்பிட்டாவ. ரெண்டாம் நாளு பாத்தா எங்க வரிசையில தட்டோட நிக்கிறாவ. ஏன் மாமுன்னேன். "அங்க முள்ளுக்கரண்டி சத்தம் மட்டும்தான்டா கேக்குது, ஒரு மனுசன் பேச்சு கேக்கல, அந்த ஊறுகாயைத் தொற"ன்னாவ. 85ல அந்தக் கப்பல் தீப்புடிச்சு அதோட அந்த ஓட்டமும் முடிஞ்சுபோச்சு.

அத்தாவையும் அம்மாவையும் மேல தனியா உக்கார வச்சுட்டு புள்ளைங்க கீழ உக்காந்து சாப்பிடறதுக்கா இவ்வளவு செலவு? எனக்கு மனசு ஒப்பல. உங்க இஷ்டம்.

தஞ்சாவூர் மேலவீதி:

பாய் சொல்றது சரிதான், ஆனா ஒரேயடியா சூட் வேணாம்னும் சொல்ல மாட்டேன். பெரியவங்க ரெண்டு பேரும் காலைல மேல அமைதியா டிபன், ராத்திரி கீழ எல்லாரோடயும்னு வச்சுக்கலாம்ல. அப்பாவுக்கு முட்டி வலி இருக்கா? கப்பல்ல நடக்கறது சாதாரண தூரம் இல்லை, ஒரு முனைலேந்து மறு முனைக்கு கும்பேஸ்வரன் கோயில் பிரகாரம் சுத்தற மாதிரி. இன்னொண்ணு, தெனப்படி டிப்ஸ் தானா பில்லுல ஏறும், சூட்டுக்கு தலைக்கு கொஞ்சம் கூட, அதையும் கணக்குல வச்சுக்குங்க.

காபிக்கு என் யோசனை: காபி பார்ல டபுள் எஸ்பிரஸோ ஒண்ணு, தனியா கொதிக்கக் கொதிக்க பாலு ஒரு ஜக்கு, சக்கரை வேணாம்னு சொல்லுங்க. வீட்லேந்து டவரா டம்ளர் கொண்டு போங்க, அதுக்கு எவனும் தடை சொல்ல மாட்டான். நாங்க சூட்ல இருந்தப்ப மாமனார் ஆத்துறதை பட்லர் பையன் வாயைப் பொளந்து பாத்துட்டு, மறுநாள் நான் ஊத்தட்டுமான்னு வாங்கி ஆத்திப் பாத்தான், பாதி தரைவிரிப்புல. பாவம், அவனே தொடச்சான். டிகிரி காபி ஆவாது, ஆனா காபின்னு ஒத்துக்கலாம்.

கும்போணம் பித்தளைக்கடை:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி கடை சாத்திட்டு வந்து முழுசையும் அப்பாகிட்ட படிச்சுக் காமிச்சேன். சூட்டு, பட்லர், வெள்ளைத்துணி எல்லாத்துக்கும் உம் கொட்டிக்கிட்டே இருந்தாரு. பாய் எழுதுன எடம் வந்ததும் "அந்த மாமு எந்தத் தெருவாம்?"னாரு. அவரோட சித்தப்பாவும் சிதம்பரம் கப்பல்ல போனவருதானாம், இத்தனை வருஷத்துல எங்ககிட்ட சொன்னதே இல்லை. அப்பறம் "ஒம்போது பேருக்கும் ஒரே மேஜை போடுவானாடா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அதனால சூட் கேன்சல். எல்லாருக்குமா சேத்து நாலு பால்கனி ரூமு, பசங்க ரெண்டு பேரும் பாட்டி தாத்தாவோட ரூமுக்கு பக்கத்து ரூமு, கதவு உள்பக்கமா தொறக்கற மாதிரி கெடைச்சா எடுக்கணும். மிச்சம் வர்ற காசுல ஒருநாள் மட்டும் ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட். அக்காவுக்கு கொஞ்சம் வருத்தம்தான், சரியாயிடும்.

@மாயவரம் தம்பி, 9 பேருக்கு ஒரே மேஜை, ஏழு மணிக்கு, இது கப்பல் ஏறுனப்பறம் கேக்கறதா, இல்ல முன்னாடியேவா?

மாயவரம் கேலி தம்பி:

முன்னாடியேண்ணே. புக்கிங் நம்பர் எல்லாத்தையும் ஒண்ணா லிங்க் பண்ணச் சொல்லுங்க, இல்லாட்டி ஆளுக்கொரு மூலைல மேஜை விழும். ஏறுன அன்னிக்கு மத்தியானமே டைனிங் ரூம் வாசல்ல போயி ஒரு தடவை பாத்து உறுதி பண்ணிக்குங்க, சாயங்காலம் போனீங்கன்னா உங்களுக்கு முன்னாடி முப்பது பேரு நிப்பான். டவரா ரெண்டு செட்டா எடுத்துட்டுப் போங்க, கடைதான் உங்களுதாச்சே.