அப்பாவின் 1035 டிராக்டருக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன்

எங்கள் மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் அப்பா வாங்கியது. அவர் போன பிறகு இரண்டு வருடம் கொட்டகையிலேயே நின்றது. மறுபடி வயலில் இறக்க நினைத்தபோது அவசரப்பட்டு, இரும்புக் கதவுக்கு அடிக்கும் சாதாரண சிந்தெடிக் எனாமலையே வாங்கி அடித்துவிட்டேன். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. ஆறே மாதத்தில் டீசல் ஊற்றும் வாயைச் சுற்றிப் பெயிண்ட் இளகி, துடைக்கும் துணியில் சிவப்பு ஒட்டியது. பானெட்டின் மேல்பக்கம் வெயிலில் வெளுத்து மாவு பூத்தது. மனசு கஷ்டமாகிவிட்டது.

இரண்டாம் முறை பானெட், மட்கார்டு, டேங்க் மூன்றுக்கும் ஹார்டனர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் இறுகிய பிறகு டீசல் சிந்தினாலும் துடைத்தால் போய்விடுகிறது. இஞ்சின், கியர் பெட்டியின் சாம்பல் நிறத்துக்கு எனாமலே போதும் என்று விட்டேன். அங்கே வெயில் அவ்வளவு படாது, உரிந்தால் பிரஷ்ஷால் தொட்டுவிடலாம். சைலன்சருக்கு மட்டும் சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட்.

நிறத்துக்குத்தான் ரொம்ப அலைந்தேன். கடை அட்டையில் பார்த்த எந்தச் சிவப்பும் ஒத்துவரவில்லை. மட்கார்டிலிருந்த நம்பர் தகட்டைக் கழற்றினால், அதற்கு அடியில் வெயிலே படாத அசல் சிவப்பு அப்படியே இருந்தது! அப்பா வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்த அன்று நான் பார்த்த சிவப்பு அது. மட்கார்டையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதைப் பார்த்துக் கலக்கச் சொன்னேன்.

* * *

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் டிராக்டருக்கு நல்ல பெயிண்ட் வாங்கியும் நான் ஏமாந்தேன். பட்டறையில் பழைய எனாமலைச் சுரண்டாமல் அதன் மேலேயே பி.யூ. அடித்தார்கள். தின்னர் பட்டதும் பழைய பூச்சு சுருங்கி, தோல் மாதிரி எழும்பிவிட்டது. எல்லாவற்றையும் இரும்பு தெரிய உரித்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, மறுபடி ஆரம்பித்தோம். டீசலால் கழுவியதோடு விட்டதால் பிசுக்கு தங்கி, அடித்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி விழுந்தது. அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, தின்னர் துணியால் துடைத்து, எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு கொடுத்த பிறகுதான் பெயிண்ட் நின்றது.

இன்னொன்று, பி.யூ. ஸ்பிரே அடிக்கும்போது துணி கட்டிக்கொண்டால் போதாது. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். பெயிண்ட் ஸ்பிரேக்கென்றே வரும் ஃபில்டர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, நல்ல காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.