கலைச்சொல் வேண்டும்: நிலத்தை விற்காமல், மனை போடும் உரிமையை மட்டும் விற்பது

நண்பர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் நகரத்தின் குடிநீர் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

சங்கதி இது. நகரத்தின் தண்ணீரில் பெரும்பங்கு கேட்ஸ்கில் மலைப்பக்கம் இருந்து வருகிறது. அதை வடிகட்ட நிலையம் கட்டினால் 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று 1990களில் கணக்கிட்டார்கள். பதிலாக, தண்ணீர் வரும் இடத்திலேயே அழுக்காகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று 1997இல் மலையூர்களோடு ஒப்பந்தம் போட்டுப் பணத்தை அங்கேயே இறக்கினார்கள். விற்கச் சம்மதித்தவர்களிடம் நிலம் வாங்கினார்கள்; அதற்கு உள்ளூரில் சொத்துவரியும் கட்டுகிறார்கள். வீடுகளின் பழுதான செப்டிக் டேங்குகளைச் சரிசெய்யவும் பணம் போனது.

சிலரிடம் நிலத்தை வாங்காமல், அதில் மனை போடும் உரிமையை மட்டும் வாங்கினார்கள். நிலம் விவசாயி பேரில்தான் இருக்கும். மாடு மேய்க்கலாம், புல் அறுக்கலாம், மகளுக்கு எழுதி வைக்கலாம். மனை பிரிக்க முடியாது. பின்னால் யார் வாங்கினாலும் அவரையும் இது கட்டும்.

நேராகப் பெயர்த்தால் ‘பாதுகாப்பு வசதியுரிமை’. படித்தால் வங்கி லாக்கர் நினைவுக்கு வருகிறது. ‘காப்புரிமை’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘காப்புக்கட்டு’ எப்படி? ஊரில் காப்புக் கட்டிவிட்டால் சில காரியங்கள் செய்யக்கூடாதே, அந்தப் பொருளில்.

----

> ‘காப்புக்கட்டு’ எப்படி?

அழகான சொல்தான் அம்மா. ஆனால் திருவிழா முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிடுவார்களே! நீங்கள் சொல்வது அவிழாத கட்டு.

பல வருஷம் பத்திரம் எழுதியவன் என்பதால் சொல்கிறேன். கிரயப் பத்திரத்தில் ‘மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட’ என்று எழுதுவோம். நிலம் ஒருவருடையது, அதில் ஒரு சின்ன உரிமை இன்னொருவருடையது. கைமாறினாலும் பாத்தியம் போகாது. இதுவும் அதே ஜாதிதான், கொஞ்சம் தலைகீழ். அங்கே அடுத்தவர் நிலத்தில் நடக்க உரிமை, இங்கே அடுத்தவர் நிலத்தில் கட்டடம் எழும்பாமல் தடுக்க உரிமை. ஆகவே ‘நிலக்காப்புப் பாத்தியம்’. தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்க.

ஒரு சந்தேகம். நம்மூரில் இதை வில்லங்கம் என்பார்கள், விலை விழும். அந்த விவசாயி எப்படி ஒப்புக்கொண்டார்?

----

ஐயா, விழும் விலைதான் அவருக்குக் கிடைக்கும் பணம்! மனையாக விற்றால் என்ன விலை, வெறும் மேய்ச்சல் நிலமாக என்ன விலை என்று மதிப்பிட்டு, இடையில் உள்ள வித்தியாசத்தைக் கொடுக்கிறார்கள். அதில் அவர் கடனை அடைக்கலாம், கொட்டகைக்குக் கூரை போடலாம். அடுத்து பண்ணை வைக்க நினைக்கும் இளைஞருக்கும் நிலம் மனை விலையில் இல்லாமல் மேய்ச்சல் விலையில் கிடைக்கிறது. கட்டுரையே இதைத்தான் சொல்கிறது: காட்டுக்கும் ஓடைக்கும் போகும் பணம் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது.

அவிழாத கட்டு என்றீர்களே, அதற்கு மறுபேச்சில்லை. சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

நிலக்காப்புப் பாத்தியம்: உடைமை மாறாமல், ஒரு நிலத்தில் மனை பிரிப்பது, கட்டடம் கட்டுவது முதலியவற்றை நிரந்தரமாகத் தடுக்க இன்னொருவர் பெறும் உரிமை.

அப்புறம், அந்த உரிமையைக் கையில் வைத்திருப்பவரை என்னவென்று சொல்வது? ‘பாத்தியதாரர்’ போதுமா?