பழிவாங்கும் படத்தில் வெட்டுப்பட்டுச் செத்த கதை

பாம்பன்காரன்:

நம்ம பக்கம் ஷூட்டிங்கில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு இருக்காது. மே கடைசியில் எங்கள் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் ஒரு சினிமா யூனிட் வந்து இறங்கியது. அப்பனைக் கொன்ற குடும்பத்தை மகன் தேடி வந்து தீர்த்துக்கட்டும் கதை. பெயர் வேண்டாம், படம் ஓடவும் இல்லை. பேட்டா 600 ரூபாய், மதியச் சாப்பாடு. நானும் சித்தப்பாவும் வில்லன் ஆட்கள்.

ஆளுக்கொரு அரிவாள் கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கி வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. வெயிலில் பெயிண்ட் இளகி உள்ளங்கையில் ஒட்டியது. சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கடக்கரையில அருவா எதுக்கு? கயிறு அறுக்கக் கத்திதான் வச்சிருப்போம்." உதவி இயக்குநர் சிரித்தார். "ராமநாதபுரம்னு போட்டா அருவா வரணும்ணே."

கடல் கதை இன்னும் மோசம். கிளைமாக்ஸில் அலை சீற வேண்டுமாம். ஜனவரியில் வந்து இடம் பார்த்திருக்கிறார்கள். அப்போது வாடைக்காற்று, தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவில், எங்கள் பேச்சில் வடகடலில், நல்ல அலை. மே மாதம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடாதான் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்று சும்மாவா சொன்னார்கள்? முழங்கால் தண்ணீரில் வில்லன் விழுந்து கிடக்க, நாலு பேர் பிளாஸ்டிக் டிரம்மை அமுக்கி அமுக்கி அலை உண்டாக்கினோம். மத்தியானம் வரை அந்தக் கூத்து. அப்புறம் சித்தப்பா சொல்லித்தான் மறுநாள் தனுஷ்கோடி ரோட்டில் தெற்குப் பக்கம் போனார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தெருவில் இரண்டு பேர், பங்காளிகள். வலைப் பங்குத் தகராறில் பல வருடமாகப் பேச்சில்லை. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவருக்குப் பத்திரிகை போகாது, மொய் வராது. எங்கள் ஊர்ப் பழிவாங்கல் அவ்வளவுதான். ஸ்டண்ட் மாஸ்டருக்கு இது தெரியுமா? உயரம் பார்த்து இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டார். பெரியவர் வெட்ட வேண்டும், சின்னவர் விழ வேண்டும். "ஆக்‌ஷன்" என்றதும் பெரியவர் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது டேக்கும் அதே கதி.

"மாஸ்டர், கழுத்துல படாம வெட்டச் சொல்லுங்க" என்றார் சின்னவர்.

"ஒரு அடி தள்ளி நிக்கச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார் பெரியவர்.

நாலாவது டேக் ஓகே.

மண்டபம் படகுக்காரர்:

எங்கள் படகை ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்தார்கள். வில்லன் படகு கறுப்பாக இருக்கணுமாம். தமிழ்நாட்டுப் படகு என்றால் பச்சைதானே, கடலில் எவனாவது நிறுத்திக் கேட்டால் யார் பதில் சொல்வது? ஷூட்டிங் முடிந்த ராத்திரியே டார்ச் லைட் பிடித்துக்கொண்டு மறுபடி பச்சை அடித்தோம். பெயிண்ட் காசு இன்னும் வரவில்லை. சரி, உங்கள் பங்காளிகள் என்ன ஆனார்கள்? படத்தில் வந்தார்களா?

பாம்பன்காரன்:

வந்தார்கள். ராமநாதபுரம் தியேட்டருக்கு வேன் பிடித்துப் போனோம். பெரியவர் முன் வரிசை, சின்னவர் எங்களோடு பின்னால். அத்தனை பாடுபட்ட வெட்டு கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது.

"என் மூஞ்சியே தெரியல" என்று சின்னவர் சத்தமாகச் சொன்னார்.

முன் வரிசையிலிருந்து தலை திரும்பாமலே பதில் வந்தது: "எனக்கு மட்டும் என்ன, முதுகுதான்டா தெரிஞ்சுச்சு."